தொட்டிலுக்கு வந்த பூனையும் வீட்டுக்கு வந்த மகளும்

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பி.டி. டீச்சர் என்றால்தான் ஊரில் புரியும். கழுத்தில் விசில் தொங்கும். யாராவது வரிசையில் அசைந்து அசைந்து வந்தால் என் கை தானாக அதைத் தேடும். ரேஷன் கடையில் தேடியிருக்கிறது. பூசையில் நற்கருணை வாங்கும் வரிசையில்கூட ஒரு முறை தேடியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, விசில் வீட்டில் இருந்ததால் பங்கு மக்கள் தப்பித்தார்கள்.

என் கணவர் வேறு ரகம். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறார். எதற்காகவும் அவர் பதறி நான் பார்த்ததில்லை. அடுப்பில் பாதிச் சோறு வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்து போகும். "ஆண்டவர் பாத்துக்குவாரு" என்பார்.

"ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தேன் இருக்காரு. சிலிண்டருக்குப் போன் போட வேண்டியது நீங்க" என்பேன் நான்.

அவர் சிரித்துக்கொண்டே போனைத் தேடுவார். அது எங்கே இருக்கிறது என்பதையும் ஆண்டவர்தான் பார்த்து வைத்திருப்பார்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மருத்துவமனைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. போனோம், வந்தோம். எழுத வேண்டியது எங்கள் பங்கு மக்களைப் பற்றி. எங்களுக்காக அவர்கள் ஏற்றாத மெழுகுதிரி கிடையாது. அன்பியம் என்கிற தெருக்குழு ஜெபக் கூட்டத்தில் ஆளுக்கொரு திருத்தலத்தைச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு ஒருவர் இழுப்பார், சனிக்கிழமை நவநாளுக்கு இன்னொருவர். ஓரியூர்த் திருத்தலத்துச் செம்மண் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று பொட்டலம் இருந்தது. கொண்டுவந்து கொடுத்த மூவருக்கும் மற்ற இருவர் கொடுத்தது தெரியாது. பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது "பிள்ளைப்பேறு வேண்டிக் காத்திருக்கும் தம்பதியருக்காக" என்று பொதுவாகத்தான் வாசிப்பார்கள். ஆனால் கோயிலே திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்க்கும். நான் குனிந்து, கையில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தையே கீழே தேடுவேன். என் கணவர் பார்த்தவர்களுக்கெல்லாம் தலையசைத்து நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, அவர் சாதாரணமாகக் கேட்டார்:

"நம்ம ஒரு பிள்ளைய எடுத்து வளப்போமா?"

இதைக் கேட்க அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. முன்னால் ஆட்டுத் தொடை தொங்கிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். நானும் அதையேதான் பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

"ஒண்ணு போதும்" என்றேன்.

கடைக்காரர் ஒரு கிலோவை வெட்டி நிறுத்துவிட்டார். நாங்கள் எப்போதும் வாங்குவது அரைக் கிலோ. விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை; வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு பேர் அவ்வளவு கறியைத் தின்ன முடியுமா? பாதிக் குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் ஓர் ஆசாரியும் அவர் மனைவியும். மரவேலைக் குடும்பம். அந்த அம்மாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "என்ன டீச்சர், இம்புட்டுக் குழம்பு? வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் தீர்மானம் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியும் முன் குழம்போடு சேர்ந்து ஆசாரி வீட்டுக்குத் தெரிந்துபோனது.

தத்தெடுப்பதற்கு இப்போது எல்லாம் கணினி வழிதான். பதிவு செய்ய வேண்டும், சான்றிதழ்களை ஏற்ற வேண்டும், பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வீடு பிள்ளை வளர ஏற்றதா, நாங்கள் ஏற்றவர்களா என்று அவர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

அவர் வரும் நாளுக்கு நான் வீட்டை விளையாட்டு விழா மைதானம் போல ஆக்கினேன். சுண்ணாம்புக் கோடு போடாததுதான் பாக்கி. கணவரிடம், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். "ஒரு குழந்தையின் எதிர்காலத்துக்கு எங்களால் ஆனதைச் செய்ய விரும்புகிறோம்" என்பது நான் எழுதிக் கொடுத்த பதில். அவர் அதைக் குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்கும்.

வந்தவர் சின்ன வயதுப் பெண். சிரித்த முகம். தண்ணீர் குடித்துவிட்டு என் கணவரிடம், "சார், நீங்க எதுக்குப் பிள்ளை வேணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் புத்தி சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு மேடம். மூணாவதா ஒரு ஆள் வந்தா நல்லாருக்கும்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று ஆசாரி வீட்டுக்குப் போனார். நான் அடுப்படி ஜன்னலில் காதை வைத்தேன்.

"டீச்சர் கொஞ்சம் கோவக்காரவுகதேன்" என்று ஆசாரியின் மனைவி சொல்வது கேட்டது. "ஆனா கத்திட்டு அடுத்த நிமிசம் கூப்புட்டுச் சோறு போட்டுருவாக. சாரு இருக்காகல்ல, அவுக வீட்டுல இருக்காகளா இல்லையான்னே தெரியாது. அம்புட்டு நல்லவுக."

இதில் யாரைப் புகழ்ந்தார், யாரை இறக்கினார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அறிக்கை நல்லபடியாகவே வந்தது. எங்களை வரிசையில் சேர்த்தார்கள்.

வரிசை என்றதும் எனக்கு உற்சாகம். வரிசை என் தொழில். ஆனால் இது நகராத வரிசை. காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொள்வதற்கு முன்பே போனைத் திறந்து எங்கள் இடம் எது என்று பார்ப்பேன். நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருநாள் கொஞ்சம் முன்னே போகும். அன்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு கிடைக்கும். பிறகு வாரக்கணக்கில் அசையாது. நாட்டில் பிள்ளை கேட்டு நிற்கிறவர்கள் ஏராளம் என்பதும், தத்துக் கொடுக்க இருக்கும் பிள்ளைகள் குறைவு என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"வருஷக்கணக்குல ஆகும்னு சொல்றாகளே. இதெல்லாம் நியாயமா?" என்று கணவரிடம் கத்தினேன்.

"எங்க ஆபீசுல நாங்க எத்தனை சனத்தைக் காக்க வைக்கிறோம்" என்றார் அவர் சாவகாசமாக. "நம்மளும் கொஞ்சம் காத்திருந்தாத்தேன் என்ன?"

ஆசாரி இருக்கிறாரே, அவர் வேலையை ஏற்றுக்கொண்டால் முடித்துக் கொடுக்க எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டு ஜன்னல் கதவு ஒன்றுக்கு இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர் நாங்கள் கேட்காமலே, ஏதோ ஒரு பழைய பெரிய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்குச் சட்டத்தை இழைத்து, ஒரே வாரத்தில் தொட்டில் செய்து கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டார். நான்கு கால் சட்டத்தில் தொங்கி ஆடும் தொட்டில். தலைமாட்டில் இரண்டு கிளி. "டீச்சருக்கு எல்லாம் வெரசா நடக்கணும்ல" என்றார். என் வாழ்க்கையில் சீக்கிரம் வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான். அதற்குத்தான் அவசரமே இல்லை.

ஆளில்லாத தொட்டிலை நடுவீட்டில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசான காரியம் இல்லை. வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும், பிறகு என் வயிற்றுக்கு வரும், பிறகு காலண்டருக்குப் போகும். பின்னறைக்கு மாற்றினோம். கொஞ்ச நாளில் அதில் செய்தித்தாள் சேர்ந்தது. வெங்காயம் சேர்ந்தது. ஒருநாள் நானே துவைத்த துணிகளைப் போட்டு வைத்தேன். மறுநாள் மடிக்கலாம் என்று போனால், என் கணவரின் வேட்டி மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று குட்டிகள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெருப்பூனை அது, யார் வீட்டிலும் நிலையாகத் தங்காது. எந்த நவநாளுக்கும் போகவில்லை, எந்த வரிசையிலும் நிற்கவில்லை. பொறாமையாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பூனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அழுதேன்.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "என் வேட்டிய யாரு துவைக்கிறது?" என்றார். எனக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த ஆசாரியின் மனைவி தொட்டிலைப் பார்த்து, "பாத்தீகளா டீச்சர், தொட்டிலுக்கு ராசி வந்துருச்சு!" என்று கைதட்டினார். ஒரு மாதம் பூனைக்குப் பேறுகாலப் பராமரிப்பு நடந்தது. அந்த அம்மாள் தினமும் மீன் தலை கொண்டுவந்து போட்டார். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் பூனை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டது.

காலம் ஓடியது. எனக்கும் அவருக்கும் வயது ஏறியது. தத்தெடுக்கும் விதியில் ஒன்று உண்டு: கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் கைக்குழந்தை கிடையாது, வளர்ந்த பிள்ளைதான். ஒரு காலையில் போனைத் திறந்தபோது எங்களை அடுத்த பிரிவுக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி இருந்தது. நாங்கள் காத்திருந்து காத்திருந்து எங்களுக்கு வயதானதோடு, வரப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து வயதாகிவிட்டது.

அன்று காளையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில், ஒரு கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தினார். பஞ்சர் என்றுதான் நினைத்தேன். இறங்கி டயரைப் பார்த்தேன்; நன்றாகத்தான் இருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேட்டி முனையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"கைக்குழந்தையாத் தூக்குறதுன்னா எப்படித் தூக்கணும்னு ஆபீசுல ஒருத்தர்கிட்ட கேட்டுப் பழகி வச்சிருந்தேன்" என்றார். "தலைக்குக் கீழ கையக் குடுக்கணுமாம்." பிறகு மெதுவாக, "வராமலே போயிருமோன்னு எனக்கும் பயமாத்தேன் இருக்கு. நான் சொல்றதில்ல, அம்புட்டுத்தேன்."

இத்தனை வருடத்தில் அவருக்குப் பயம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அவரது நிம்மதி பிறவியிலேயே வந்தது, சளி பிடிப்பது போல அவருக்கு நம்பிக்கை பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் அதை முயன்று எடுத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்பது அன்று அந்தக் கண்மாய்க்கரையில்தான் தெரிந்தது. வாயில் வந்தது அவருடைய வசனம்தான்.

"ஆண்டவர் பாத்துக்குவாருங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு, நீயா சொல்ற?" என்று கேட்டுவிட்டு வண்டியை உதைத்தார். கல்யாண வீட்டில் பந்தி முடியும் நேரம். நான் சாம்பார் வாளிக்காரரை விரட்டிப் பிடித்தேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

செய்தி வந்தது எங்கள் பள்ளி விளையாட்டு விழா அன்று. ஓட்டப்பந்தயக் கோட்டில் பிள்ளைகள் குனிந்து தயாராக நிற்கிறார்கள். விசில் என் வாயில். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பார்த்த அதிர்ச்சியில் வாயிலிருந்த விசில் ஊதிவிட்டது. பிள்ளைகள் பாய்ந்து ஓடினார்கள். எல்லைக்கோட்டில் கயிறு பிடிக்க ஆளில்லை, நேரம் குறிக்க ஆளில்லை. அவர்கள் எங்கே நிற்பதென்று தெரியாமல் மைதானச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தார்கள். தலைமையாசிரியை மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கை விரித்தார். பதிலுக்கு நான் போனைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியாது.

போனில் ஒரு படம் வந்திருந்தது. நான்கு வயது தாண்டிய பெண் குழந்தை. வடக்கே ஒரு மாவட்டத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். ஒட்ட வெட்டிய தலைமுடி. படம் எடுப்பவர் மீது அப்படி என்ன கோபமோ, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். "ஆத்தாடி, உன்னைய மாதிரியே முறைக்குது!" என்று மகிழ்ந்தே போனார். அவர் அந்தக் கணமே அப்பாவாகிவிட்டார். எனக்கு அப்படி ஆகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் இத்தனை வருடம் மனதுக்குள் தூக்கி வைத்திருந்தது பால் மணக்கும் ஒரு கைக்குழந்தை. இவள் யாரோ ஒரு சின்ன மனுஷி. தனக்கென்று கோபமும் பழக்கமும் உள்ளவள். என்னை இவளுக்குப் பிடிக்குமா? பிடிக்காவிட்டால்?

மறுநாள் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். கோயில் முகப்பில் மணிக்கூண்டு வேலை நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பதைவிட, பாதியில் நின்றுகொண்டிருந்தது என்பதே சரி. சாமியார் போனில் யாரிடமோ, "மேஸ்திரி, ஈஸ்டருக்குள்ளன்னு சொன்னீங்க, எந்த ஈஸ்டர்னு சொல்லலையே!" என்று கத்திக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நல்ல மறையுரை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் மணல் குவியல் மேல் கிடந்த பலகையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், பொறுமையப் பத்தி நான் பூசையில நல்லாப் பேசுவேன். அந்த மேஸ்திரிக்கு இன்னைக்கு மட்டும் பத்துத் தடவை போன் போட்டிருக்கேன். என்கிட்டயா கேக்குறீங்க?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு மட்டும் தோணுது. நீங்க இத்தனை வருஷம் காத்திருந்தீங்க. அந்தப் பிள்ளை எத்தனை நாளா யாருக்காகக் காத்திருக்கோ? அதுக்கு நவநாள் சொல்லவும் தெரியாதே" என்றார்.

நாங்கள் இருவரும் மணல் குவியல் அருகே நின்று ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொன்னோம். பாதியில் அவர் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மேஸ்திரி போன் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. எனக்காக அவர் ஆசையை அடக்கிச் செய்த பெரிய ஒறுத்தல் அது.

வீட்டுக்கு வந்து சம்மதம் என்று அழுத்தினேன்.

காப்பகத்தில் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது நான் பக்கத்தில் போகத் தயங்கி நின்றேன். அவள் என் கணவரின் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே வந்து, அதை உருவி எடுத்து, அவர் உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்தாள். அவர் இன்னொரு கையையும் நீட்டினார். ஊருக்கு வரும் வழியில் பேருந்தில் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். அவள் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தபடி, கை மரத்துப்போயும் எடுக்காமல், அவர் சிங்கம்புணரி தாண்டும் வரை அசையாமல் உட்கார்ந்து வந்தார்.

வீட்டில் அவள் முதலில் போய் நின்ற இடம் தொட்டில். பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு காலும் வெளியே தொங்கின. "ஆட்டு" என்று உத்தரவிட்டாள். ஆட்டினோம். தேக்கு முனகியது. ஆசாரி வேலியைத் தாண்டி ஓடி வந்து, "அம்மாடி, இது பச்சப்பிள்ளைக்குச் செஞ்சது, எறங்கு தாயி!" என்று கெஞ்சினார். அவள் இறங்கவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து அடியில் இரண்டு கட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய பிள்ளை தொட்டிலில் ஆடியதை இந்தத் தெரு முன்னே பார்த்ததில்லை.

முதல் நாளே அவரை அப்பா என்று கூப்பிட்டாள். கேட்கவே காது குளிர்ந்தது. எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். மறுநாள் காலை, பாயில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "டீச்சர், பசிக்குது" என்றாள்.

தவறு அவளுடையது இல்லை. பக்கத்து வீட்டில் டீச்சர், பால்காரருக்கு டீச்சர், கோயிலில் டீச்சர், கட்டிய புருஷனே கேலியாக டீச்சரம்மா. என் பெயரே அதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நானும் விடவில்லை. "அம்மா வந்திருக்கேன்", "அம்மா கையப் பிடி", "அம்மா ஊட்டவா" என்று எல்லா வாக்கியத்திலும் அம்மாவைச் செருகினேன். தேன்மிட்டாயை மறைத்து வைத்துக்கொண்டு, "யாருகிட்ட கேக்கணும்?" என்று ஆசை காட்டினேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்து, "உங்ககிட்டதான் டீச்சர்" என்பாள்.

"அதுவா வரும், விடு" என்றார் கணவர். அவருக்கு என்ன, அவர் முதல் நாளே தேறிவிட்டவர்.

ஒருநாள் தலை சீவிவிடும்போது மறுபடியும் அந்த மிட்டாய் வேலையைத் தொடங்கினேன். அவள் தோள் சட்டென்று இறுகியது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் படத்தில் இருந்த அதே முகம், அதே புருவம். கேட்டதைக் கொடுக்கத் தெரியாமல் தவிக்கிற முகம் அது, கோபம் இல்லை என்று அப்போதுதான் கண்டேன். மிட்டாயைப் பிரித்து அவள் வாயில் போட்டேன். "டீச்சருக்கு ஒண்ணு குடு" என்று வாயைத் திறந்தேன். பாதியைக் கடித்து என் வாயில் வைத்தாள். எச்சில் மிட்டாய். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை. காலையில் சிலுவை போட்டுக்கொள்ளும்போது ஆண்டவரிடம் மட்டும், "உமக்கு எப்போ தோதுப்படுதோ அப்போ" என்று சொல்லி வைப்பேன். இதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. அவருக்கு என்னைத் தெரியும்.

கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் அவள் குரல் உச்சத்தில் கேட்டது. அடுத்த தெருவிலிருந்து வந்த ஒரு பெரிய பையன் அவள் பந்தை எடுத்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறான் போலிருக்கிறது.

"எங்கம்மா யாருன்னு தெரியும்ல? பி.டி. டீச்சரு! வந்தாகன்னா உன்னைய கிரவுண்டச் சுத்தி ஓட விட்டுருவாக! நாக்குத் தள்ளிரும்!"

கரண்டி கையிலிருக்க நான் வாசலுக்கு ஓடினேன். எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் முழுதாக ஏறிவிட்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் பந்தைப் போட்டுவிட்டு அங்குட்டு ஓடிவிட்டான். பாவம், அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் நான் அவனைக் கட்டிப் பிடித்திருப்பேன். அவள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்து, "டீச்சர், பணியாரம் கருகுது" என்றாள்.

கருகியதை எல்லாம் நானே தின்றேன். அன்று போல ருசியான பணியாரம் நான் சுட்டதில்லை.

என் முகத்துக்கு நேராக அது வருவதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின. ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நேரமாகிவிட்டது. நான் சேலை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன், கணவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளியலறைக்குள்ளிருந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, எரிச்சலோடு ஒரு சத்தம் வந்தது.

"அம்மா! துண்டு எங்க?"

வெளியே வண்டி துடைக்கிற சத்தம் நின்றது. நான் கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு, பாதி மடிப்பு அவிழ, ஓடினேன். அன்று நாங்கள் கோயிலுக்குள் போனபோது பூசை தொடங்கி முதல் வாசகமே முடிந்திருந்தது.